காசு மட்டும் வந்த மாதங்கள்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆவணி பிறந்த பிறகும் மழை விடவில்லை. ஓப்பநாயக்க டவுனிலிருந்து இரண்டு கட்டைத் தூரம் ஏறினால் வருகிற தோட்டத்தில் மேல்பக்கம் தேயிலை, கீழ்ப்பக்கம் ரப்பர். ஸ்ரீதரனுக்குக் கீழ்ப்பக்கத்தில் பால்வெட்டு. பட்டை ஈரமாக இருந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது. வைத்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போய்விடும். விடியும்போதே கத்தியும் வாளியுமாகப் போய் அண்ணாந்து பார்ப்பதும், "இன்னைக்கும் இல்லப்பா" என்று கங்காணி சொல்லக் கேட்டுத் திரும்புவதுமாகவே நாட்கள் போயின. சிலருக்கு மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை கிடைத்தது. மற்றவர்கள் லயத்து வீட்டு வாசலில் குந்தியிருந்து மழையைத் திட்டினார்கள்.

அப்படி வேலையில்லாத ஒரு நாளில்தான் பலாங்கொடை பேங்க் மெஷின் அவனுடைய கார்டை விழுங்கியது.

குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அவன் மனைவி கோகிலாவின் காசு, மாதம் பிறந்து ஒரு கிழமைக்குள் வந்துவிடும். கார்டைப் போட்டு, நாலு இலக்கத்தைத் தட்டினால் போதும். அன்றைக்கும் தட்டினான். மெஷின் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு கார்டைத் திருப்பித் தராமலே, அடுத்த ஆளை வரச்சொல்வதுபோலப் பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. வாசலில் துவக்கோடு நின்ற காவல்காரனிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னான். "உள்ளே போய்க் கேள்" என்று அவன் கண்ணாடிக் கதவைக் கைகாட்டினான்.

ஸ்ரீதரன் அந்தக் கதவுக்குள் போய்ப் பல மாதமாகியிருந்தது.

முன்பெல்லாம் அடிக்கடி போவான். கோகிலா போன முதல் இரண்டு வருஷமும் டிராப்ட்தான். இரண்டு மாதத்துக்கு ஒருதரம், லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமையில், அந்த வீட்டு டிரைவர் அவளைக் காசு அனுப்புகிற கடைக்குக் கூட்டிப்போவான். அங்கே அவள் வரிசையில் நின்று, காசைக் கட்டி, டிராப்ட்டை வாங்கி, கூடவே இரண்டு பக்கம் எழுதி, ரெஜிஸ்டர் தபாலில் போடுவாள். அந்த உறை தோட்டத்து ஆபிசுக்கு வர மூன்று கிழமை. டிராப்ட் காசாக இன்னும் மூன்று கிழமை. அந்தக் காலத்தில் ஸ்ரீதரன் சலித்துக்கொண்டதுண்டு. உறையைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும். சவர்க்காரமா, அந்த நாட்டுச் சாம்பிராணியா என்று அவனுக்குப் பிடிபடாது. மகள் ஷாமிளா உறைக்குள் மூக்கை விட்டுப் பார்ப்பாள். தாய் போகும்போது அவளுக்கு நாலு வயது.

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து, இந்தத் தையில் கோகிலா வந்திருக்க வேண்டும்.

அதற்குத்தான் ஏற்பாடெல்லாம் நடந்தது. மழைக்கும் வெயிலுக்கும் துரைமாருக்கும் பயப்படாமல் பிழைக்க, வாடகைக்கு ஓட்ட ஒரு த்ரீவீல் எடுப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் அனுப்பியதில் முன்பணம் சேர்ந்தது. மீதிக்கு லீசிங் கடன். ஆனால் ஸ்ரீதரன் போய்க் கேட்டபோது, முந்தின வருஷம் சொன்ன வட்டி இல்லை. மாதாமாதம் கட்டவேண்டிய தொகை அவனுடைய சம்பளத்தை முழுசாக விழுங்கிவிடும்போல இருந்தது. நேரே பேங்குக்குப் போய், இரண்டாவது மேசையில் இருக்கும் உருத்திரமூர்த்தி ஐயாவிடம் கேட்டான். யாழ்ப்பாணத்து மனிதர். அந்தக் கிளையில் தமிழில் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால், தோட்டத்து ஆட்களெல்லாம் அவர் மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

"சாமான் விலை ஏறிக்கொண்டு போகுதெல்லோ தம்பி. சனத்தின்ரை கையில காசுப் புழக்கத்தைக் குறைச்சாத்தான் விலை இறங்குமெண்டு மத்திய வங்கி வட்டியைக் கூட்டி வைச்சிருக்கு. இப்ப கடன் எடுக்கிறவைக்குக் கஷ்டந்தான்" என்றார் அவர்.

"பாண் வில ஏறுனதுக்கு நான் த்ரீவீல் எடுக்கக் கூடாதுங்களா?"

"உங்களுக்கு மட்டும் எண்டு சொல்லேல்ல. எல்லாருக்குந்தான்." அவர் சிரிக்கவில்லை. "ஆனா ஒண்டு. போட்டு வைக்கிற காசுக்கும் இப்ப நல்ல வட்டி."

அதை அப்படியே கோகிலாவிடம் போனில் சொன்னான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்தான். அவள் கெட்டிக்காரி. மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"அப்ப கடன் வேணாங்க. இருக்கிற காச ஃபிக்ஸட்ல போடுங்க. அது ஒரு பக்கம் வளரட்டும். நான் இன்னும் ரெண்டு வருஷம் எழுதிக் குடுத்துர்றேன். கைக்காசுலயே எடுத்துரலாம்."

"லீவுலயாவது வந்துட்டுப் போயேன் புள்ள."

"டிக்கெட்டு காசும் சேந்தா சீக்கிரம் முடிஞ்சிருமுல்ல."

கொழும்பில் யாரோ வட்டியை ஒரு படி ஏற்றியதில், ஓப்பநாயக்கவில் ஒருவனுக்குப் பெண்டாட்டி வருவது இரண்டு வருஷம் தள்ளிப்போனது. புது ஒப்பந்தத்தோடு காசு வருகிற விதமும் மாறியது. டிராப்ட் வேண்டாம், அந்த வீட்டுக்காரரே நேராக பேங்குக்கு அனுப்பிவிடுவார் என்றாள். பேங்கும் ஒரு கார்டு கொடுத்தது. கடிதம் நின்றுபோனது. அதற்குப் பதில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள். லயத்தில் சிக்னல் கிடையாது. தண்ணி டேங்கிக்குப் பக்கத்து மேட்டில் மட்டும் போன் உயிர்பெறும். வெள்ளிக்கிழமை பின்னேரமானால் ஸ்ரீதரன் மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு குடைக்குள் இரண்டு பேருமாக அந்த மேட்டில் போய் நிற்பான்.

ஆனி மாதத்துக்குப் பிறகு போன் வரவில்லை.

அவன் கூப்பிட்டுப் பார்த்தான். ஒரு பெண்குரல் அரபியில் எதையோ சொல்லி அறுந்துபோனது. ஒப்பந்தத்தில் இருந்த வீட்டு நம்பருக்கும் ஒருதடவை எடுத்தான். "கோகிலா, கோகிலா" என்று இவன் கத்த, எதிர்ப்பக்கம் யாரோ பதிலுக்குக் கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அண்ணன் மனைவி மருதாயிதான் அன்றாடம் சமாதானம் சொல்லுவாள். போன கிழமையும் பலாக்காயை அரிந்துகொண்டே கேட்டாள்.

"காசு வந்துச்சா தம்பி?"

"அது வந்துருச்சு மதினி."

"அப்புறம் என்னா? காசு வருதுன்னா ஆளு நல்லாத்தானே இருக்கு. போன் கீன் ஒடஞ்சு போயிருக்கும்."

"ஒடஞ்சா வேற போன்ல பேச மாட்டாளா? ஆடி, ஆவணி, ரெண்டு மாசத்துக்கும் காசு நாள் தவறாம வந்துருக்கு. காச அனுப்ப நேரம் இருக்கு, ரெண்டு வார்த்த பேச நேரம் இல்லையா?"

மருதாயி கத்தியில் ஒட்டிய பலாப்பிசினை எண்ணெய்த்துணியால் துடைத்தாள். "கோவிக்காத. அந்நிய வூட்டுல எப்புடி இருக்காளோ."

கோபம் என்று அவள் சொன்னது சரியில்லை. ராத்திரியில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது அது வேறொன்றாக இருந்தது. கோகிலாவுடைய முகம் நினைவில் நின்றது, குரல் நிற்கவில்லை. "என்னாங்க" என்று அவள் கூப்பிடுவதை மனசுக்குள் கொண்டுவரப் பார்ப்பான். மருதாயியின் குரலோ, மலையில் கொழுந்தெடுக்கும் வேறு யாருடைய குரலோதான் வரும். காசு போதும், இவனுக்கு அது போதும் என்று நினைத்துவிட்டாளோ? புரண்டு படுப்பான்.

இப்போது பேங்குக்குள் உருத்திரமூர்த்தி ஐயா அவனை அடையாளம் கண்டுகொண்டார். முன்பிருந்த பெரிய பேரேடுகள் ஒன்றும் மேசையில் இல்லை. ஒரு கொம்பியூட்டர்தான் இருந்தது. தலை முன்னைவிட நரைத்திருந்தது.

"என்ன ஸ்ரீதரன், கனகாலம் காணேல்ல. மெசின் வந்தாப் பிறகு நீங்கள் ஒருத்தரும் உள்ளுக்கு வாறேல்லத்தானே."

கார்டைப் பற்றிச் சொன்னான். நாளைக்கு மெஷினைத் திறக்கும்போது எடுத்துத் தருவதாகச் சொல்லி, இன்றைய தேவைக்குக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்.

"காசு வந்திருக்கு. ஒழுங்காத்தான் வருது."

"வருதுங்க. ஆளுதான் பேச மாட்டேங்குது. ரெண்டு மாசமாச்சு." சொல்ல வேண்டுமென்று வரவில்லை, தமிழில் கேட்க ஒருவர் இருந்ததால் வாயில் வந்துவிட்டது. "போயி காசு கட்ட மட்டும் தெரியுதுங்க."

உருத்திரமூர்த்தி திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஆர் போய்க் கட்டுறது?"

"என் சம்சாரந்தான்."

"இல்லைத் தம்பி. உது முதலாளியின்ரை கணக்கிலயிருந்து வாற காசு. ஒருக்கா எழுதிக் குடுத்து வைச்சாக் காணும். மாசாமாசம் அந்தத் திகதிக்குக் கொம்பியூட்டர் தானா அனுப்பிவிடும். உதுக்கு ஒருத்தரும் ஓரிடமும் போகத் தேவையில்லை."

ஸ்ரீதரனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்ப... அவ அனுப்பலீங்களா?"

"ஆரும் அனுப்பேல்ல. அது தானாப் போகுது."

"அப்ப அவளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தாலும் காசு வருமாங்க?"

உருத்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்பிடி ஒண்டும் இராது" என்றார். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது இருவருக்குமே தெரிந்தது.

அவர் எழுந்து கதவுவரை அவனோடு வந்தார். "என்ரை மனுசி சிவபாக்கியம் கரவெட்டியில இருக்கிறா. சண்டையால பாதை பூட்டி ரெண்டு வருசம். நான் காலமை இஞ்ச போடுற காசைப் பின்னேரம் அவ அங்க எடுக்கிறா. காசுக்கு ஒரு சோதனைச்சாவடியும் இல்லை. நான்தான் போகேலாது." பிறகு, தன் கதையை இந்த நேரத்தில் சொன்னதற்கு வெட்கப்பட்டவர்போல அவன் தோளில் கை வைத்தார். "அரபி தெரிஞ்ச ஒருத்தரைப் பிடியுங்கோ. இண்டைக்கே பிடியுங்கோ."

பலாங்கொடைக் கடைத்தெருவில் வெளிநாட்டுக்குப் போன் பேச எல்லாரும் போகிற ஜுனைதீன் நானாவின் கம்யூனிகேஷன் கடை இருந்தது. அவருடைய மனைவி பெயர் சித்தி மரியம். அவளுடைய தங்கை ஸாஹிரா பத்து வருஷமாகக் குவைத்தில் இருப்பது ஊருக்கே தெரியும். மழையில் நனைந்து வந்து நின்ற ஸ்ரீதரனைப் பார்த்ததும் சித்தி மரியம் முதலில் ஒரு துவாயைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தலய தொடச்சிட்டு செல்லுங்க தம்பி. என்ன நடந்த?"

சொன்னான். ஜுனைதீன் நானா கோகிலா இருக்கும் வீட்டு நம்பரை வாங்கி, குவைத்திலிருந்த ஸாஹிராவுக்கு எடுத்தார். ஸாஹிரா வேலையில் இருந்தாள். ராவைக்கு அந்த வீட்டுக்குப் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

"நல்ல செய்திதான் வரும். ஒண்டும் யோசிக்காதீங்க" என்றாள் சித்தி மரியம். "ஊட்டுக்குப் போகாம இங்கயே நிண்டு என்ன செய்ற? புள்ள தனியா ஈக்கும் தானே."

மறுநாள் வெயில் அடித்தது. எல்லாரும் பால்வெட்டுக்குப் போனார்கள். ஸ்ரீதரனும் போனான். கை பழக்கத்தில் பட்டையைச் சீவியது. வெள்ளைப் பால் கோடு பிடித்துச் சிரட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மரத்தடியிலேயே நின்றுவிட்டான். காசு தானாகப் போகுது, தானாகப் போகுது என்று உள்ளே ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. அவள் வரிசையில் நின்று அனுப்பிய காலத்தில் காசு தாமதமானால் பயந்திருப்பான். நாள் தவறாத காசு அவனுக்குப் பயத்தைக்கூட மறக்கடித்திருந்தது.

பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே தண்ணி டேங்கி மேட்டுக்கு ஓடினான். போன் உயிர்பெற்றதும் ஜுனைதீன் நானாவை எடுத்தான்.

"ஆள் உசிரோட ஈக்கி" என்றார் அவர் எடுத்த எடுப்பில். "அத மொதல்ல கேளுங்க. காபட் தூக்கிட்டு எறங்கக்குள்ள படிக்கட்டுல வழுக்கிட்டாம். தொடையெலும்பு ஒடஞ்சு, கம்பி வெச்சு ஒபரேஷன். இந்த ரெண்டு மாசமா மொதல்ல ஆஸ்பத்திரி, பொறகு ஊட்டுல. போனும் உழுந்து ஒடஞ்சிட்டு. ஸாஹிரா நாளைக்கி லீவு எடுத்துட்டுப் போறா. அவட போன்ல பேசலாம்."

ஸ்ரீதரன் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பின்னேரம் ஷாமிளாவையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனான். போன் அடித்தது.

"என்னாங்க" என்றாள் கோகிலா.

அவ்வளவுதான். அதே குரல். ஷாமிளா போனைப் பிடுங்கி, "அம்மா, எனக்கு முன்பல்லு விழுந்துருச்சு" என்று கத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. மறுபடி போன் அவன் கைக்கு வந்தபோது கேட்டான்:

"ஏன் புள்ள சொல்லல? மேடம்கிட்டச் சொல்லியாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி என்னாங்க ஆகப்போகுது? நீங்க பயந்து போவீங்க. காசு நின்னாத்தானே பயம், அதுதான் தானா வந்துகிட்டிருக்கே, கால் ஊண்டுனதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். படுத்திருந்த ரெண்டு மாசமும் வூட்டுக்கார பாபா சம்பளத்த நிறுத்தல. நல்ல மனுசன்."

"நீ வந்துரு."

"இப்ப எப்புடி வாறது? பாதியில போனா டிக்கெட்டு நம்மதான் போடணுமாம். உக்காந்து செய்யிற வேல குடுத்துருக்காங்க, துணி அயர்ன் பண்றது, புள்ளயப் பாக்குறது. தை மாசம் ஃபிக்ஸட் முதிருது. அதுல மட்டும் கை வெச்சுராதீங்க. முன்னாடி எடுத்தா வட்டியெல்லாம் போயிரும். கேக்குதா?"

"கேக்குது."

"கை வெக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"மாட்டேன்" என்றான் ஸ்ரீதரன்.

மறுநாள் பால் நிறுத்த கையோடு பஸ் ஏறினான். உருத்திரமூர்த்தி ஐயா நல்ல செய்தியைக் கேட்டு இரண்டு கையையும் கூப்பினார். ஃபிக்ஸட்டை உடைக்க வேண்டும் என்றதும் முகம் மாறியது.

"தம்பி, இன்னும் நாலைஞ்சு மாசந்தான் கிடக்கு. உந்த வட்டி இனி ஒரு காலத்திலயும் கிடைக்காது. இப்ப உடைச்சா அநேகமா முதல்தான் மிஞ்சும்."

"தெரியுங்க."

"த்ரீவீல்?"

"அதுல யாருங்க ஏறுவா?" என்றான் ஸ்ரீதரன். "ஏத்திக்கிட்டுப் போக ஆளு வேணுமில்லீங்களா?"

அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கடைசிக் கையெழுத்தில் பேனா எழுதாமல் நின்றபோது, சட்டைப்பையில் இருந்த தன்னுடைய பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

டிக்கெட் காசு ஜுனைதீன் நானாவின் கை வழியாக ஸாஹிராவுக்குப் போனது. மேடம் போட்டதாகவே கோகிலாவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். ஸாஹிரா அப்படியே சொன்னாள். மேடமும் அதை மறுக்கவில்லை.

ஐப்பசி கடைசியில், தீபாவளி முடிந்து, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனான். வழியில் எத்தனையோ இடத்தில் சோதனைக்காகப் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். அடையாள அட்டையையும் கிராம சேவகர் கொடுத்த கடிதத்தையும் நீட்டி, பெண்டாட்டி குவைத்திலிருந்து வருகிறாள் என்று தடங்கலில்லாத சிங்களத்தில் சொன்னான். ஒரு பொலிஸ்காரன் மட்டும் "என்ன கொண்டு வருகிறாளாம்?" என்று கேட்டுச் சிரித்தான். "காலில் ஒரு கம்பி" என்று ஸ்ரீதரன் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் வந்தவளை அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை. சதை வைத்து, வெளுத்து, தலையில் துணி கட்டியிருந்தாள். வாசலுக்கு வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தடியை ஊன்றி, அவனிடம் வந்து நின்றாள். இருவரும் கையைக்கூடப் பிடித்துக்கொள்ளவில்லை. "சாப்ட்டீங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

கொழும்பு புறக்கோட்டையில் பலாங்கொடை பஸ் கிடைத்தது. காலை நீட்ட வசதியாக முன்சீட்டில் அவளை உட்கார வைத்தான். ஹங்வெல்ல தாண்டும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வழியோரம் விற்ற அன்னாசியை, ஈரத் தெருவை, ரப்பர் மரங்களை. அவிசாவளையில் பஸ் நின்றபோதுதான் திரும்பினாள்.

"மேடம் டிக்கெட்டு போட்டது நல்லதாப் போச்சுங்க. தை மாசம் ஃபிக்ஸட் வரட்டும். முன்பணத்துக்கு மேலேயே இருக்கும்."

பொய்யை இழுத்துக்கொண்டு போக ஸ்ரீதரனுக்கு வரவில்லை. "அத ஒடச்சுட்டேன் புள்ள" என்றான். "அதுலதான் டிக்கெட்டு."

கோகிலா அவனைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எஹலியகொடை போனது, குருவிட்ட போனது, அவள் வாய் திறக்கவில்லை. பேச்சில்லாத அந்த இரண்டு மாதம் மறுபடி பஸ்ஸில் ஏறி, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டதுபோல இருந்தது.

இரத்தினபுரி தாண்டியதும் அவள் தொடங்கினாள்.

"நான் சொன்னேனா இல்லையா? கை வெக்காதீங்கன்னு போன்ல சொன்னேனா இல்லையா? நாலு மாசம் பொறுக்க முடியாதா ஒரு ஆம்பளைக்கு? மாடிமாடியா தொடச்ச காசுங்க அது. நோன்பு மாசத்துல விடிய விடிய ஏனம் கழுவுன காசு. ஒரு நல்ல சீலை எடுத்திருப்பேனா? ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னுருப்பேனா? இவரு பேங்குக்குப் போறாராம், ஒடைக்கிறாராம். என்னா, தேங்காயா?"

பின்சீட்டிலிருந்த சிங்களக் கிழவர் எட்டிப் பார்த்தார். கோகிலாவுக்கு அது கண்ணில் படவில்லை. கைத்தடியால் பஸ் தரையைத் தட்டித் தட்டிப் பேசினாள். முதல் வருஷத்துக் குளிர்காலத்தைச் சொன்னாள். காய்ச்சலில் கிடந்த நாட்களைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆந்திராக்காரி தினமும் ராத்திரி பாடியதைச் சொன்னாள். கடிதத்தில் எழுதாததும், போனில் சொல்லாததுமெல்லாம் வசவோடு வசவாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பஸ் எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்கூடத் தவறிவிடக் கூடாதென்று ஸ்ரீதரன் நடுவிலிருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தான்.

பெல்மதுளையில் அவள் ஓய்ந்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்தான். குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. ஓப்பநாயக்கவுக்கு இன்னும் கொஞ்ச தூரம் கிடந்தது.

"வட்டி இனி கொறையப் போகுதுன்னு பேங்க் ஐயா சொன்னாரு" என்று, அவள் குரல் மறுபடி நின்றுவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக எடுத்துக் கொடுத்தான். "கூடுதலா இருக்கறப்பவே நாமதான் எடுத்துட்டோம்."

கோகிலா போத்தலை மூடிச் சீட்டில் வைத்துவிட்டு, மறுபடியும் ஆரம்பித்தாள்.